ஏரிக்கரையில் எட்டுச்செலவு

குளிருக்குத் தப்பிப் போகிறோம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். பெப்ரவரி மாதம். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியான என்னை ஒரு வோன்மொபிலில் ஏற்றி, ஹம்பேர்க்கிலிருந்து நாட்டின் தெற்கு மூலைக்குக் கொண்டுபோய், ஏரிக்கரையில் சில நாள் காம்பிங் செய்து, ஊர் பார்த்துவிட்டு வருவது திட்டம். வோன்மொபில் என்றால் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே வைத்த பெரிய வான். இது விசர்வேலை என்று கேட்கிற எவருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. "ஓம், போவம்" என்று சொன்னேன்.

உண்மையான காரணம் வேறு. ஊரில் என் தம்பி இறந்துபோயிருந்தான். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அதைச் சொல்லக்கூடாது என்று என் கணவரும் அவருடைய அக்காவும் முடிவெடுத்திருந்தார்கள். பிள்ளை பிறந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். ஆனால் எனக்கு ஏற்கெனவே தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

சொன்னவள் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி. பாரிசில் இருக்கிறாள். வருசத்துக்கு ஒருமுறை போன் எடுப்பவள் அந்த வியாழக்கிழமை மத்தியானம் எடுத்தாள். எடுத்தவுடனேயே அழத் தொடங்கிவிட்டாள். "எப்பிடியடி தாங்கிறாய்? இவ்வளவு சண்டைக்குள்ளயும் தப்பின பெடியனை ஒரு லொறியெல்லே அடிச்சுக் கொண்டுபோட்டுது" என்றாள். நான் "ஓம்" என்றேன். செவ்வாய்க்கிழமையாம். மோட்டார்சைக்கிளாம். அந்த இடத்திலேயே முடிந்துவிட்டதாம். செத்தவீட்டுக்கு நல்ல சனமாம். ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் போட்டு இறக்கினேன். உப்பு அளவாகத்தான் இருந்தது. அது எப்படி அளவாக இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சண்டை நின்று சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பாதை திறந்திருந்தது. வெளிநாட்டிலிருந்த சனமெல்லாம் ஊருக்குப் போய் வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டு வந்தார்கள். ஷெல்லுக்கும் ஆமிக்கும் பயந்து பயந்து வளர்த்த பிள்ளை, பயமில்லாத காலத்தில் பயமில்லாத றோட்டில் போனான். இதை யாரிடம் போய்ச் சண்டை பிடிக்கிறது?

என் கணவரை நான் இவர் என்றுதான் எழுத வேண்டும். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இவர் அன்று பின்னேரம் வேலையால் வந்தபோது நான் கதிரையில் இருந்து காத்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்ததும் இவருக்கும் தெரியும் என்று விளங்கிவிட்டது. இப்போது சொல்வார், சொன்னதும் எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். இவர் சப்பாத்தைக் கழற்றினார். கை கழுவினார். சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார். பிறகு, "இந்த முறை சரியான குளிர் என்னப்பா. எங்கயாவது போவமே?" என்றார்.

நான் ஏன் அந்த இடத்திலேயே "எனக்குத் தெரியும்" என்று சொல்லவில்லை? பிறகு எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். பதில் கேவலமானது. எனக்கு அழுகை வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சாவுச் செய்தி கேட்டால் பொம்பிளை குழறி விழ வேண்டும். கூடப்பிறந்தவன் செத்துவிட்டான் என்று தெரிந்தும் பருப்புக்கு உப்புப் போட்டவள் நான். கண் காய்ந்து, காதுக்குள் மட்டும் ஒரு இரைச்சல். இந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அழுகை வரட்டும், வந்தபிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அது வரவேயில்லை.

இவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. எங்கள் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் நிற்காமல் போனது. அதற்குப் பிறகு நான் மாதக்கணக்காக வாய் திறக்கவில்லை. பாவம் மனுசன், தனியாகச் சமைத்து, தனியாகக் கதைத்து, தனியாகச் சிரித்தும் பார்த்தார். இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்ற பயம் இவருடைய கண்ணில் எப்போதும் இருந்தது.

அடுத்த நாள் எங்கள் வீட்டு ரெலிபோன் "பழுதாகி"விட்டது. வயரைப் பிடுங்கி அலுமாரிக்குப் பின்னால் செருகியிருந்ததை நான் கூட்டும்போது பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்மாவோடு கதைப்பது வழக்கம். அந்த ஞாயிறு நான் வீட்டில் இருக்கக்கூடாது. அதற்குத்தான் இந்தக் காம்பிங். விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார், என் கடவுச்சீட்டு புதுப்பிக்கப் போயிருந்தது, எல்லை தாண்ட ஏலாது. ஸ்பெயின், இத்தாலி என்று வெயிலுள்ள இடம் எதுவும் சரிவராது. ஜேர்மனிக்குள்ளேயே குளிர் குறைந்த இடம் எது என்று இவர் யாரையோ கேட்டு, போடன்சே ஏரிக்கரை என்று கண்டுபிடித்துவிட்டார். அங்கே பெப்ரவரியிலேயே பூப் பூக்குமாம்.

வோன்மொபில் அண்ணையின் முதலாளியுடையது. அண்ணை என்று நான் கூப்பிடுவது மச்சாளின் கணவரை. மச்சாள் இவருடைய மூத்த அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு. கை ஓயாது, வாயும் ஓயாது, நல்ல மனம். சனிக்கிழமை காலையில் எங்கள் வாசலில் வந்து இறங்கும்போதே, "இன்னும் வெளிக்கிடேல்லையே? குளிருக்குள்ள நிக்காதையும், ஏறும் ஏறும்" என்று என்னை உள்ளே தள்ளி ஒரு கம்பளியால் சுற்றிவிட்டார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அந்தக் குடும்பத்தோடு நான் முன்பும் வெளியே போயிருக்கிறேன். கோடையில் பூங்காவுக்குப் போனாலே அண்ணை இரண்டு கோழியை ஊறவைத்துக் கொண்டுவந்து நெருப்பில் வாட்டுவார். மனுசனுக்கு மீன், இறைச்சி என்று மச்சம் இல்லாமல் சாப்பாடு இறங்காது. இந்த முறை பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்: பருப்பு, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, சோயாமீற், அப்பளம். முட்டைகூட இல்லை.

"என்ன மச்சாள், எல்லாம் சைவம்?"

"பிள்ளைத்தாச்சிக்கு அதுதானப்பா நல்லது. வயித்துக்குப் பாரமில்லை."

போன கிழமை வரைக்கும் "சூடைமீன் சாப்பிடும், பிள்ளைக்கு மூளை வளரும்" என்று வாளியில் கொண்டுவந்து தந்தவரும் இதே மச்சாள்தான். எனக்கு விளங்கிவிட்டது. செத்தவீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு, எனக்கு இருக்கிறது. தெரியாமலே நான் மச்சம் தின்றுவிட்டால் பாவம் என்று, என்னிடம் சொல்லாமலே என்னை விரதம் பிடிக்க வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் சைவம் என்றால் பிடிபட்டுவிடும் என்று நான்கு பேரும் சைவம். பொய் சொல்லத் துணிந்தவர்களுக்கு ஒரு முட்டை அவிக்கத் துணிவு வரவில்லை. எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அழுகையும் வரவில்லை. நான் பெட்டியை மூடிவிட்டேன்.

வழியில் ஓட்டோபான் என்கிற பெருந்தெருவில் ஒரு கடையில் நிறுத்தினார்கள். அண்ணை கண்ணாடிக்குப் பின்னால் புரண்டுகொண்டிருந்த சொசேஜைப் பார்த்துக்கொண்டே நின்றார். மச்சாள் பின்னால் போய் ஒரு கிள்ளுக் கிள்ளினார். அண்ணை ஒரு பாண் துண்டை வாங்கிக் கடித்துக்கொண்டு வந்து ஏறினார். "தங்கச்சி, உங்களுக்கு ஏதும் வேணுமே?" என்று கேட்டார். அவருடைய குரலும் வழக்கமான குரலாக இல்லை. செத்தவீட்டில் கதைக்கிற குரலில் ஓட்டோபானில் கதைத்துக்கொண்டு வந்தார்கள் மூன்று பேரும். தங்களுக்கே அது கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். சேரவும் பனி கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. கோதாரி, ஹம்பேர்க்கில்கூட அப்படிப் பனியில்லை! கரை எது ஏரி எது என்று தெரியவில்லை. காம்பிங் இடத்தில் மாரிகாலத்திலும் திறந்திருந்த ஒரு மூலையில் எங்கள் வானைத் தவிர ஒரேயொரு கரவன்தான் நின்றது. அதில் ஒரு கிழவி. வருசம் முழுக்க அங்கேயே இருப்பவராம். கதவுக்கு முன்னால் பனியைச் சவளால் தள்ளிக்கொண்டு நின்றவர், எங்களைப் பார்த்துத் தலையை ஒருதரம் ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

"நல்ல இடம் கண்டுபிடிச்சனியடா தம்பி, குளிருக்கு ஒதுங்க" என்று மச்சாள் இவரைப் பேசினார். தம்பி என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் மூன்று பேரும் ஒருசேர என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் அடிக்கடி குளிப்பறைக் கட்டடத்துக்குப் போனார். வானுக்குள்ளேயே கழிப்பறை இருக்க, பனிக்குள் நடந்து அங்கே போவார். போனால் வர நேரமாகும். வரும்போது கண் சிவந்திருக்கும். "சவுக்காரம் பட்டிட்டுது" என்பார். இவருக்கும் தம்பிக்கும் நல்ல ஒட்டு. நேரில் கண்டதேயில்லை. என் கல்யாணப் பேச்சுக் காலத்திலிருந்து போனில்தான் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்மாவோடு கதைத்து முடித்ததும் இவர் ரிசீவரை வாங்கி, அவனோடு கிரிக்கெட்டும் மோட்டார்சைக்கிளும் கதைப்பார். எனக்கு அவன் "அக்கா சுகமே, அத்தான் நிக்கிறாரே?" என்பதோடு சரி. இவர் அங்கே குளிப்பறையில் அழுகிறார், நான் இங்கே கம்பளிக்குள் கல்லுப்போல இருக்கிறேன். பொறாமையாக இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். என் தம்பிக்காக அழ இவருக்கு முடிகிறது, எனக்கு முடியவில்லை என்று பொறாமைப்பட்டேன்.

திங்கட்கிழமை பனி விட்டது. ஊர் பார்க்க வேண்டும் என்று வெளிக்கிட்டோம். மலைமேல் ஒரு பழைய கோட்டை. அதன் வாசலில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். வாங்கு ஒன்றில் இருத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் இன்றைக்கும் வீட்டில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நான் சிரிக்கிறேன். நல்ல சிரிப்புத்தான்.

பிறகு பாலத்தால் நடந்து ஒரு தீவுக்குப் போனோம். கோடையில் பூவுக்குப் பேர்போன தீவு. அப்போது மண்ணும் தடியும்தான். ஆனால் அங்கே ஒரு பெரிய கண்ணாடி வீடு இருந்தது. உள்ளே போனதும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து புகார் மூடிவிட்டது. அவ்வளவு வெக்கை. ஈர மண் மணத்தது. பனைச்சாதி மரங்கள், வாழை, பெரிய பெரிய இலைகள். அண்ணை ஜக்கெற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "இதுக்குள்ள காம்ப் அடிச்சிருக்கலாம்" என்றார். அந்தப் பயணத்தில் நாங்கள் குளிருக்குத் தப்பியிருந்தது அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான்.

என் விரல்களெல்லாம் ஊசி குத்துவதுபோல இளகத் தொடங்கின. ஒரு வாழைக்குப் பக்கத்து வாங்கில் நானும் மச்சாளும் இருந்தோம். மச்சாள் வாழையிலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர், இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"உம்மட தம்பிக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

நான் திரும்பவில்லை. நாளை செவ்வாய்க்கிழமை. எட்டாம் நாள். ஒருவர் இறந்த எட்டாம் நாள் அவருக்கு விருப்பமான சாப்பாடுகளை, மீன் இறைச்சி எதுவானாலும், சமைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எட்டுச்செலவு என்போம். ஊரில் அம்மா செய்வார். ஆனாலும் கூடப்பிறந்தவள் இங்கே இருக்கும்போது அவள் பெயருக்கு ஒரு பிடி வைக்காமல் விட மச்சாளுக்கு மனம் வரவில்லை. என்ன வைப்பது என்றுதான் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் நேரே என்னிடமே வந்து கேட்டுவிட்டார்! இதைவிட மோசமாக ஒருவர் மறைக்க முடியாது.

"ஏன் மச்சாள்?"

"சும்மாதான். கதைக்கு."

யோசித்தேன். நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது அவனுக்குப் பதினாலு வயது. "மீன் குழம்பு" என்றேன். "புளி கூட விட்டு. தலைத் துண்டுக்குச் சண்டை பிடிப்பான். தலை எனக்குப் போட்டால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிடுவான்."

"அப்பிடியே" என்றார் மச்சாள். பிறகு எழும்பி வாழைக்கு அந்தப் பக்கம் போய் நின்று மூக்கைச் சிந்தினார்.

எனக்கு அப்போதுதான் முதல்முறையாக ஏதோ அசைந்தது. துக்கம் என்று சொல்ல மாட்டேன். பதட்டம். செவ்வாய்க்கிழமை செத்தவனுக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, முகம் பார்க்கவில்லை. எனக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு பிடி சோறு மட்டும்தான். இதுவாவது அவனுக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். அன்றிரவு முழுக்க எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணை மீன் வாங்கப் போனார். போன வேகத்தைப் பார்த்தால் மனுசனுக்குத் துக்கத்துக்குள்ளும் ஒரு சந்தோசம்! ஏரி மீன் ஒன்றோடு வந்தார். தலையோடு வாங்க ஊரெல்லாம் அலைந்தாராம். கடைக்காரன் தலையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் தருவேன் என்று நின்றானாம்.

"இண்டைக்கு என்ன, மச்சம் சமைக்கிறியள்?" என்று கேட்டேன். கேட்காமல் விட்டால் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"நீர்தானே நேற்று மீன் குழம்பு எண்டு ஆசையாச் சொன்னனீர். பிள்ளைத்தாச்சியின்ர ஆசை" என்றார் மச்சாள். கெட்டிக்காரிதான். ஆனால் எனக்குப் பருப்பும் அப்பளமும்தான் தட்டில் வந்தது. மீன் முள்ளுக் கூடவாம், எனக்குக் கூடாதாம். அண்ணையும் தொடவில்லை. பார்த்துக்கொண்டே பருப்பைத் தின்றார்.

சாப்பிட்டு முடிய, "கொஞ்சம் படும்" என்று என்னைக் கட்டிலுக்கு அனுப்பிவிட்டார்கள். மச்சாள் நேரத்தைப் பார்த்து, "ஊரில பொழுது பட்டிருக்கும்" என்று இவரிடம் குசுகுசுத்தது கேட்டது. கதவு திறந்தது. மூடியது. கட்டிலுக்கு மேலே சின்ன யன்னல். திரையை ஒதுக்கிப் பார்த்தேன். வேலியோரம் மச்சாள் பனியைச் சப்பாத்தால் தள்ளி ஓர் இடம் பண்ணினார். ஒரு கோப்பையில் சோறு, குழம்பு, அப்பளம், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், எல்லாம் வைத்தார். விளக்கு இல்லை. அண்ணையின் லைற்றரை வாங்கி ஒரு சின்ன மெழுகுதிரி கொளுத்தினார். காற்றுக்கு அது நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரவன் கிழவி சவளும் கையுமாக வந்துவிட்டார். சாப்பாட்டை வெளியே வைக்கக்கூடாதாம், நரி வருமாம், எலி வருமாம். மச்சாளுக்கு ஜேர்மன் அவ்வளவு வராது. "பித்தே, பித்தே, கொஞ்சம் பொறுங்கோ" என்று இரண்டு மொழியையும் கலந்து கெஞ்சினார். இவர் குளிப்பறைப் பக்கமிருந்து ஓடிவந்தார். கிழவி இவரிடம் கேட்டார், யாருக்கு இந்தச் சாப்பாடு என்று.

இவர் ஜேர்மனில் சொன்னார். என் மனைவியின் தம்பி செத்துவிட்டான். இன்றைக்கு எட்டாம் நாள். அவளுக்குத் தெரியாது, உள்ளே படுத்திருக்கிறாள், தயவுசெய்து மெதுவாகக் கதையுங்கள்.

செத்துவிட்டான் என்று என் வீட்டுக்காரர்கள் யாராவது வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல். இவருடைய குரலில், வேலையிடத்தில் கதைக்கிற மொழியில், அரசாங்கக் கந்தோரில் விபரம் சொல்வதுபோல, சுத்தமாகக் கேட்டது. என் தம்பி செத்துவிட்டான். நான் யன்னலில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி குளிர்ந்தது. பிள்ளை வயிற்றுக்குள் புரண்டது.

கிழவி பனியைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். "பத்து நிமிடம்" என்றார். "பிறகு எடுத்துவிட வேண்டும்." சவளை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றார்.

நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினேன். "ஐயோ பிள்ளை, வழுக்கும், ஏன் எழும்பினனீர்?" என்று மச்சாள் என்னை மறிக்க ஓடிவந்தார். நான் கோப்பையை எட்டிப் பார்த்தேன். நடுத்துண்டுதான் வைத்திருந்தார்.

"தலையை வையுங்கோ மச்சாள்" என்றேன். "அவன் தலைதான் கேப்பான்."

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டார். இவர் என்னைப் பார்த்தபடியே போய் வானின் படியில் இருந்துவிட்டார்.

"உமக்குத் தெரியுமே?" என்று இவர் கேட்டார்.

"வியாழக்கிழமையே தெரியும்."

"ஏனப்பா சொல்லேல்லை?"

"எனக்கு அழுகை வரேல்லை" என்றேன். "அதுதான் சொல்லேல்லை."

இவர் படியில் இருந்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒளித்து ஒளித்து அழுத மனுசன், கிழவிக்கு முன்னால், சத்தம் போட்டு அழுதார். நான் பக்கத்தில் போய் அவர் தலையை என் வயிற்றோடு பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. அண்ணை உள்ளே போய்ச் சட்டியிலிருந்து மீன் தலையை எடுத்துக்கொண்டு வந்து வைத்தார். கிழவி பத்து நிமிடத்துக்கு மேலேயே நின்றார் என்று நினைக்கிறேன்.

அம்மாவோடு கதைக்க வேண்டும் என்றேன். யாரும் மறிக்கவில்லை. காம்பிங் வாசலில் ஒரு போன் பெட்டி இருந்தது. அண்ணை தன்னிடமிருந்த போன் கார்டைத் தந்தார். இவர் என்னைக் கையில் பிடித்துப் பனிக்குள் நடத்திக்கொண்டு போய், கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

அம்மா எடுத்தார். பின்னால் நிறையச் சனத்தின் சத்தம். என் குரலைக் கேட்டதும் யாரையோ "உஸ்" என்று அடக்கினார். சத்தமெல்லாம் நின்றது.

"என்ன பிள்ளை, சுகமே? ஞாயிற்றுக்கிழமை எடுக்கேல்லை எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். வழக்கமான குரல். எப்படித்தான் அந்தக் குரலை வைத்திருந்தாரோ. "இஞ்சை எல்லாரும் சுகம். தம்பி இப்பதான் வெளியில போனவன்."

"அம்மா" என்றேன். "இண்டைக்கு எட்டெல்லே."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"தெரியுமம்மா. இஞ்சை செய்தி வந்த நாளே தெரியும்."

"நீ அழக்கூடாது பிள்ளை. வயித்தில பிள்ளை. நீ அழவே கூடாது, கேட்டியே? நாங்கள் இஞ்சை இருக்கிறம் அழ."

"நான் அழேல்லை அம்மா. உண்மையா அழேல்லை. நாங்களும் இஞ்சை படைச்சனாங்கள். மச்சாள்தான் செய்தவ."

"நல்ல மனுசி. நல்லா இருக்கட்டும்" என்றார் அம்மா. "என்ன வைச்சனியள்?"

"மீன் குழம்பு. புளி கூட விட்டு. தலையும் வைச்சனாங்கள்."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை பிள்ளை."

"என்னம்மா, சொல்லுங்கோவன்."

"அவன் இப்ப மச்சம் தின்னுறேல்லை" என்றார். "ரெண்டு வருசமா. ஏனெண்டு கேட்டாலும் சொல்லமாட்டான், சிரிப்பான். நான் கத்தரிக்காய்தான் வைச்சனான். உனக்கு அவன் சொல்லேல்லையே?"

சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. ரெண்டு வருசமாக ஒவ்வொரு ஞாயிறும் அவனோடு கதைத்திருக்கிறேன். "சாப்பிட்டியே?" என்று கேட்டிருக்கிறேன். என்ன சாப்பிட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வான் பெட்டிக்குள் கத்தரிக்காய் இருந்தது. மச்சாள் நான் சொல்லாமலே அதைத்தான் கொண்டுவந்திருந்தார். நான்தான் மீன் என்று சொன்னேன். பதினாலு வயதுப் பெடியனுக்குப் படைத்துவிட்டேன். செத்தவனை எனக்குத் தெரியாது.

"பிழை விட்டிட்டன் அம்மா" என்றேன். "அவனுக்கு நான் ஒண்டுதான் செய்தது. அதையும் பிழையாச் செய்திட்டன்."

"சீ, என்ன விசர்க்கதை கதைக்கிறாய்" என்றார் அம்மா. பேசுகிற குரலில்தான் சொன்னார், சின்ன வயதில் எங்கள் இரண்டு பேரையும் விலக்குப் பிடிக்கும்போது பேசுகிற அதே குரலில். "நீ வைச்சா அவன் தின்னுவான் பிள்ளை."

அப்போதுதான் எனக்கு வந்தது. வாயைத் திறந்தேன், மூட முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. வெளியே நின்ற இவர் உள்ளே வந்து என்னைப் பின்னால் பிடித்துக்கொண்டார். அங்கே அம்மா, "அழாதை, என்ர குஞ்செல்லே, அழாதை" என்று சொல்லிச் சொல்லித் தானும் அழுதார். கார்ட் முடியும்வரை இரண்டு பேரும் அழுதோம்.